தண்ணீர்ப் பரிசோதனைச் செலவைக் குறைத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

எங்கள் குடியிருப்புக்குச் சொந்தமாக ஓர் ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் உண்டு. நூறு வீடுகூட இருக்காது. ஆறு வருடமாகத் தண்ணீர்ப் பொறுப்பு என் கையில்.

சின்னத் திட்டம் நடத்துகிறவர்களுக்குத்தான் இந்த வலி தெரியும். ஒரு சாம்பிளுக்கு லேப் வாங்கும் கட்டணம் நூறு வீட்டுக்கும் அதுதான், லட்சம் வீட்டுக்கும் அதுதான். பெரிய நகரத்தில் பங்கு பிரித்தால் கண்ணுக்கே தெரியாது. எங்களுக்கு அது மோட்டார் ரிப்பேருக்கு ஒதுக்கிய பணம்.

முதல் மூன்று வருடம் விதிப் பட்டியலில் இருந்த அத்தனை சோதனையும் செய்தோம். பூச்சிக்கொல்லி ஒவ்வொரு முறையும் ‘கண்டறியப்படவில்லை’. பக்கத்தில் வயலும் இல்லை, ஆலையும் இல்லை. அதையெல்லாம் ஆதாரத்தோடு எழுதிக் கேட்டோம். சில வருடங்களுக்கு ஒருமுறை செய்தால் போதும் என்று அனுமதி வந்தது. இது நியாயமான தளர்வு என்றே நினைக்கிறேன். அமெரிக்காவில் மாநில அரசுகள் சில வேதிப்பொருள்களுக்கு இப்படி விலக்கு தருகின்றன. உலக சுகாதார நிறுவனமும் 2004 முதல், நீர் எடுக்கும் இடத்திலிருந்து குழாய் வரை எங்கே ஆபத்து என்று பார்த்து அதற்கேற்பக் கண்காணியுங்கள் என்றுதான் சொல்லிவருகிறது.

சிக்கல் அதற்கப்புறம் வந்தது. பணம் மிச்சமானதைப் பார்த்ததும், “கிருமிச் சோதனையும் சுத்தமாகத்தானே வருகிறது, அதையும் குறைக்கலாமே” என்று கூட்டத்தில் கேட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆர்சனிக், ஃப்ளூரைடு போன்றவை பெரும்பாலும் வருடக்கணக்கில் சேர்ந்துதான் கெடுக்கும். கிருமி இரண்டே நாளில் ஊரையே படுக்கவைத்துவிடும். மிச்சப் பணத்தில் குளோரின் பார்க்கும் கிட்டும், எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) சோதனைப் பாட்டில்களும் வாங்கினேன். இந்தப் பாட்டில் 1982-ல் இந்திய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட எளிய முறை. பிடித்த தண்ணீர் கறுத்தால் மலக்கலப்பு இருக்கலாம் என்று வீட்டிலேயே காட்டிக்கொடுக்கும்.

அடுத்த பெருமழைக்குப் பிறகு தொட்டித் தண்ணீரை அதில் பிடித்து அலமாரியில் வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் தார் மாதிரிக் கறுத்திருந்தது. உடனே தொட்டிமேல் ஏறினோம். மூடி ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. அந்த இடுக்கு வழியாகப் பறவை எச்சம் சுவரில் வெள்ளைக் கோடாக உள்ளே இறங்கியிருந்தது. மலத்திலிருந்து வரும் ஈ.கோலி கிருமி 100 மில்லி லிட்டரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. லேப் சோதனையில் எங்கள் தண்ணீரில் இருந்தது.

உங்கள் ஊர்களில் எதைக் குறைத்தீர்கள், எதைத் தொடாமல் விட்டீர்கள்?

* * *

எங்களுக்கு நைட்ரேட் (உரத்திலிருந்து நிலத்தடி நீரில் இறங்கும் உப்பு) சோதனையில் தளர்வு கிடைத்தது. அப்போது கிணற்றைச் சுற்றி வெறும் தரிசு. நாலு வருடத்தில் அது முழுக்கச் சாகுபடி நிலமாகிவிட்டது, உரமும் மூட்டை மூட்டையாக இறங்கியது. அனுமதிக் கடிதம் மட்டும் மாறவே இல்லை. புதிதாகக் குடிவந்த ஒரு தாய், பால்பவுடர் கரைக்க இந்தத் தண்ணீர் சரிதானா என்று கேட்டதால்தான் சோதித்தோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடும். கொதிக்கவைத்தாலும் போகாது, இன்னும் செறிவாகும். இப்போது நிலத்தில் என்ன மாறினாலும் உடனே சோதனை என்று எழுதிவைத்துவிட்டோம்.

* * *

நான் லேபில் வேலை பார்க்கிறேன். செலவு குறைய நீங்களே சாம்பிள் எடுக்கலாம் என்று பல இடங்களில் விதி இடம் கொடுக்கிறது. நல்லதுதான். ஆனால் கிருமிச் சோதனைப் பாட்டிலின் அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது சோடியம் தயோசல்பேட். தண்ணீரில் எஞ்சிய குளோரினை அப்போதே முறித்துவிடும். அழுக்கு என்று நினைத்து அலசிவிட்டுப் பிடிக்கிறார்கள். வரும் வழியெல்லாம் குளோரின் உள்ளேயே கிருமியைக் கொன்றுகொண்டிருக்கும், கடைசியில் நாங்கள் ‘சுத்தம்’ என்று எழுதித் தருவோம். தயவுசெய்து அலசாதீர்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுவாருங்கள்.

அப்புறம், ரிசல்ட் யார் கைக்குப் போகிறது என்று கேளுங்கள். கனடாவின் வாக்கர்டனில் 2000-ல் சோதனையில் கிருமி தெரிந்தது. தனியார் லேப் அதைக் குடிநீர் நடத்துபவர்களிடம் மட்டும் சொன்னது, அவர்கள் மறைத்துவிட்டார்கள். சுகாதாரத் துறைக்கும் சொல்லியாக வேண்டும் என்று அன்று லேபுக்கு விதி இல்லை. 7 பேர் இறந்தார்கள், 2,000-க்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள்.

* * *

கேள்வி கேட்டவன்தான் எழுதுகிறேன். லேப் பாட்டிலை அலசக்கூடாது என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆறு வருடமாகக் குழாயடியில் இரண்டு முறை நன்றாக அலசிவிட்டுத்தான் பிடித்தேன். மழைக்குப் பிறகு தொட்டியில் குளோரின் அறவே தீர்ந்திருந்தது. அதனால்தான் அன்று உண்மை தெரிந்திருக்கிறது. பழைய ரிசல்ட் காகிதங்களையெல்லாம் எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். லேபில் புதுப் பாட்டில்கள் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை தொட்டியில் ஒன்று, கடைசி வீட்டுக் குழாயில் ஒன்று பிடிக்கப் போகிறேன்.