பிராஞ்ச் ஓட்டலா, தெருமுனை மெஸ்ஸா?

கெட்டிச்சட்னி (சென்னை):
ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டில் இதே பஞ்சாயத்து. எனக்கு மயிலாப்பூர் ராயர் மெஸ் மாதிரி இடம் வேண்டும். இடம் கிடைக்கும்வரை வாசலில் நின்று, இட்லியும் கெட்டிச் சட்னியும் சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். மனைவிக்கு ஏசி, சுத்தமான கழிப்பறை, குழந்தைக்கு உயர நாற்காலி. அதாவது பிராஞ்ச் ஓட்டல். "உங்களுக்கு நாக்கு மட்டும்தான். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது?" என்கிறாள். நியாயம்தான். ஆனாலும் எந்தக் கிளைக்குப் போனாலும் ஒரே சாம்பார் என்பது எனக்கு ஒப்பவில்லை. நீங்கள் எந்தக் கட்சி?

பாலக்கரைக்காரன் (திருச்சி):
எங்கள் அப்பா டிபன் கடை வைத்திருந்தவர். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சின்னக் கடையின் ருசி சரக்கு மாஸ்டர் கையில் இருக்கிறது. சாம்பார், குருமா, கிச்சடி எல்லாம் அவர் பக்குவம். அவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனால், ஒரு வாய் வைத்ததுமே "மாஸ்டர் இல்லையா?" என்று கேட்பார்கள். எங்கள் மாஸ்டரைப் பக்கத்துத் தெருக் கடைக்காரர் அதிக முன்பணம் கொடுத்து இழுத்துக்கொண்டபோது, வாடிக்கையில் பாதி அவர் பின்னாலேயே போய்விட்டது. பெரிய ஓட்டல்கள் ஒரே இடத்தில் மாவு அரைத்து, மசாலாவை எடை போட்டுப் பொட்டலம் கட்டி, விடியற்காலை வேனில் கிளைகளுக்கு அனுப்புவது இதற்காகவும்தான். மாஸ்டர் மாறினாலும் சாம்பார் மாறாது. அப்பா இதைக் கேட்டுப் பொறாமைப்பட்டிருக்கிறார்.

ஆனால் மாவு என்று வந்துவிட்டால் நான் மெஸ் கட்சி. மார்கழியில் மாவு சீக்கிரம் பொங்காது. அப்பா தூக்கை அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைப்பார். சித்திரையில் இரவோடு இரவாகப் பொங்கி வழியும். அப்படிப் புளித்த மாவை இட்லிக்கு எடுக்க மாட்டார், ஊத்தப்பத்துக்கு ஒதுக்கிவிடுவார். வெங்காயம், பச்சை மிளகாய் அள்ளிப் போட்டு, ஓரம் முறுகும்வரை கல்லில் விட்டுவிடுவார். அதற்கென்றே சைக்கிளில் வருகிற ஆட்கள் இருந்தார்கள். பிராஞ்சில் மாவு அந்த அளவுக்குப் புளிக்க விடமாட்டார்கள், எனவே அந்த ஊத்தப்பமும் கிடையாது.

சரி, குடும்பத்தோடு கார் பயணம் என்றால் நானும் பிராஞ்சில்தான் நிறுத்துவேன். கழிப்பறைக்காக.

சீரகசம்பா (திண்டுக்கல்):
பிராஞ்ச் ஓட்டலை ரொம்பத் திட்டாதீர்கள். எங்கள் ஊர்த் தலப்பாக்கட்டி 1957-ல் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் ஆரம்பித்த ஒற்றைக் கடை. அதை ஆரம்பித்த நாகசாமி நாயுடு எப்போதும் தலைப்பாகை கட்டியிருந்ததால் ஜனங்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. சரவண பவனும் 1981-ல் கே.கே. நகரில் ஒரு கடைதான். முருகன் இட்லி மதுரையில் பிறந்தது. அப்புறம், இங்கே உள்ளூர்க்காரர்கள் பிரியாணி என்றால் வேணு கடையா பொன்ராம் கடையா என்று இன்னமும் சண்டை போடுகிறோம். அந்தச் சண்டை இருக்கும்வரை எனக்குக் கவலை இல்லை.

கணக்குப்பிள்ளை (கோவை):
கேள்வி கேட்டவரின் மனைவிக்கே என் ஓட்டு. வேலை விஷயமாக ஊர் ஊராகப் போய்த் தனியாகச் சாப்பிடும் பெண் நான். மெஸ்ஸில் பாதி சாப்பிடும்போதே ஒருவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று என் இலையையே பார்ப்பார். மோர் வாங்கக்கூடத் தோன்றாது, எழுந்துவிடுவேன்.

தொழில்முறையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மெஸ் பில்லில் ஜிஎஸ்டி இல்லை என்றால் உடனே வரி ஏய்ப்பு என்று நினைக்க வேண்டாம். காம்போசிஷன் திட்டத்தில், அதாவது சிறு கடைகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறையில், இருக்கும் கடை வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது, தன் கையிலிருந்து கட்ட வேண்டும். அப்படிப்பட்ட கடை பில்லில் 5% போட்டிருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

கெட்டிச்சட்னி:
கடைசிப் பதிலை மனைவியிடம் காட்டினேன், முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டாள். இந்த வாரம் பிராஞ்ச். பாலக்கரைக்காரரே, அந்தப் புளித்த மாவு ஊத்தப்பம் சென்னையில் எங்காவது கிடைக்குமா?