புதுப்பிப்பு: நாஷ்வில் 650 ஏ.எம். இப்போது தெளிவாகக் கேட்கிறது

ஓஹாயோவில் என் வீட்டு ரேடியோவில், அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து கன்ட்ரி இசை வானொலி நிலையமான டபிள்யூ.எஸ்.எம். 650 வைத்தால் இரைச்சல் மட்டுமே வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் வெளியே நீளமாகக் கம்பி இழுத்துப் பார்த்தேன். சத்தம் கூடியது, இரைச்சலும் சேர்ந்து கூடியது. அப்புறம் ஒருவர் சொன்னபடி போன் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பாதி இரைச்சல் அங்கேயே போய்விட்டது! மீதியைச் சரிசெய்தது, ரேடியோவையே மெல்லத் திருப்பிப் பாருங்கள் என்ற யோசனைதான். உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பொருள்) கம்பியின் முனை நிலையத்தை நோக்கி இருந்தால் சிக்னல் மங்கும், பக்கவாட்டில் இருந்தால் நன்றாக வரும். கால் வட்டம் திருப்பியதும் பாட்டில் வரும் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் பளிச்சென்று கேட்டது.

எதிர்பாராத ஒன்று: பகலில் எப்படித் திருப்பினாலும் இங்கே ஒன்றும் வரவில்லை. இருட்டிய பிறகே, வானில் மிக உயரத்தில் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை இவ்வளவு தூரம் எட்டுகிறது. நடுநடுவே மங்கி மீள்வதும் அதனால்தான், ரேடியோவில் கோளாறு இல்லை.

சனிக்கிழமை இரவு அந்த நிலையத்தின் நேரடி இசை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரி முழுக்கக் கேட்டேன். 1925-இல் தொடங்கிய நிகழ்ச்சி. 1939-இல் புளூகிராஸ் இசைக்கலைஞர் பில் மன்றோ இதில் சேர்ந்ததும், 1945 இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களால் மீட்டும் தன் பாஞ்சோ பாணியோடு அவர் குழுவுக்கு வந்ததும் இதே அலைவரிசையில்தான் ஒலித்தன. அதை நினைத்துக்கொண்டே கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.