முகாம் குடும்பத்துக்கு வீடு வாடகைக்கு விட்டா சட்டப்படி தப்பாங்க?

பவானிக்கரை:
வணக்கங்க. எங்க ஊரு பவானிசாகர். வீட்டோட முன்பக்கப் போர்ஷன் மூணு மாசமா காலியாக் கிடக்குது. இங்க இருக்கற இலங்கைத் தமிழர் முகாம்ல இருந்து தம்பி ஒருத்தன் கேட்டான். எம் பையன்கூட ஒண்ணாவதுல இருந்து படிச்சவன், இப்ப பெயிண்டிங் வேலை. சம்சாரத்துக்கு ஏழு மாசம். பத்துக்குப் பத்து முகாம் வீட்டுல அம்மா, அப்பா, தங்கச்சின்னு எல்லாரும் இருக்க, கைக்குழந்தையும் வந்தா எங்க படுக்கறது? சரி வாப்பான்னுட்டேன்.

மறுநாளே தெருவுல இருந்து நாலு பேர் வந்துட்டாங்க. "அக்கா, அவங்க சட்டவிரோதமா குடியேறுனவங்க. நாளைக்குக் கேஸுன்னு வந்தா தெருவுக்கே தொல்லை." அந்த நாலு பேர்ல ரெண்டு பேர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சவன் இவன்தான். அன்னிக்கு யாரும் இந்த வார்த்தையச் சொல்லலை.

இந்தத் தம்பியோட அம்மா 1990ல படகுல வந்து ராமேஸ்வரத்துல இறங்கினவங்க. இவன் 1998ல சத்தியமங்கலம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில பொறந்தவன். இவன் எந்த எல்லையத் தாண்டினான்? சட்டம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோர்ட்டுவாசல்:
அக்கா, அந்த வார்த்தை குடியுரிமைச் சட்டத்துலயே இருக்கு. பாஸ்போர்ட் மாதிரி ஆவணம் இல்லாம நுழைஞ்சவங்களை அப்படித்தான் சொல்லுது. 1987 ஜூலை 1க்கு முன்னாடி இங்க பிறந்திருந்தா பிறப்பாலயே இந்தியர். அதுக்கப்புறம்னா பெற்றோர்ல ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். அதனால 1998ல பிறந்தும் அந்தத் தம்பிக்குக் கிடைக்கலை. அந்தச் சட்டத்தோட 2019 திருத்தமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்தவங்களுக்குத்தான். இலங்கையை விட்டுட்டாங்க.

ஆனா 2025 செப்டம்பர்ல மத்திய உள்துறை ஒரு உத்தரவு போட்டுது. 2015 ஜனவரி 9 வரைக்கும் தஞ்சம் வந்து பதிவு செஞ்ச இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா விஷயத்துல விலக்கு. குடியுரிமை இல்லை, ஆனா பெரிய நிம்மதி. வீடு விடறதுக்கு முன்னாடி முகாம் பார்க்கற அதிகாரிகிட்டயும் ஸ்டேஷன்லயும் எழுத்துல குடுத்துருங்க. வாய்ப்பேச்சா விடாதீங்க.

நொய்யல்:
தெருக்காரங்களையும் ஒரேடியா குத்தம் சொல்ல முடியாதுங்க. நான் திருப்பூர். போலி ஆதாரோட இருந்த வங்கதேசத்துக்காரங்களைப் பிடிச்சதா செய்தி வந்ததுல இருந்து இங்க எல்லாருக்கும் பயம். வீட்டுக்காரனும் ஸ்டேஷனுக்கு அலையணும்ல?

கும்மிடிப்பூண்டிப்பெண்:
அண்ணா, நான் முகாமிலேயே பிறந்தவள். போலி ஆதாரோடு ஒளிந்து வாழ்கிறவர்கள் மாதிரி இல்லை நாங்கள். எங்கள் பேர், வயசு, போட்டோ எல்லாம் அரசாங்கத்திடம் இருக்கு. செக்கிங் நாளில் அதிகாரி பேரைக் கூப்பிடும்போது ஆள் நிற்க வேணும். வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேணும். 2021ல் 'அகதிகள் முகாம்' என்ற பேரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். அன்றைக்கு என் அப்பா அழுதார். ஆனால் பஸ்ஸில் இன்னும் "அகதி கேம்ப் எல்லாம் இறங்கு" என்றுதான் கத்துகிறார்கள்.

அம்மா, உங்களிடம் ஒன்று. முகாமை விட்டு வெளிப்பதிவுக்கு, அதாவது வெளியே தங்குகிறவர் என்ற பதிவுக்கு மாறினால், அரசாங்கம் தரும் மாதப் பணம் நின்றுவிடும். குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய். வாடகை சொல்லும்போது அதைக் கொஞ்சம் பாருங்கோ.

பவானிக்கரை:
எல்லாருக்கும் நன்றிங்க. பணம் நின்னுரும்னு அவன் எங்கிட்டச் சொல்லவே இல்லை. கேட்டதுக்கு, "குழந்தை காத்தோட்டமா வளரட்டும் அம்மா"ன்னான். 3,500 சொல்லியிருந்த வாடகைய 2,500 ஆக்கிட்டேன்.

நேத்து அந்த நாலு பேர்ல ஒருத்தர் வந்தார். 2025 உத்தரவைப் படிச்சுக் காட்டினேன். "கேஸ் இல்லைன்னாலும் வேண்டாங்க்கா"ன்னார். ஏன்னு கேட்டேன், பதில் இல்லை. நொய்யல் தம்பி, பயம்னா அதைத் தீர்த்துடலாம். இதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மனுவோட அவனும் நானும் தாலுகா ஆபீஸ் போறோம். அங்கிருந்து நேரா ஸ்டேஷன்.