படத்தோட அளவை மாத்துற முறை ஒரே பைகூபிக்தானே, படம் மட்டும் ஏன் கருவிக்குக் கருவி மாறுது?

பாம்பன்_பாலம்:
புதுத் தூக்குப்பாலமும் கரையில் காயுற வலையும் இருக்கிற படம். 6000 பிக்சல் அகலத்தை 750 ஆக்கினா, பைதான் படக் கருவியான பில்லோவில் வலை மெல்லிய சாம்பல் பரப்பா வருது. இன்னொரு படக் கருவியான ஓப்பன்சிவியில் வலைமேல நெளிநெளியாக் கோடு விழுது. ரெண்டிலும் பைகூபிக்தான். எது சரி?

மண்டபம்_முனை:
சூத்திரம் ஒண்ணுன்னா விடையும் ஒண்ணுதான். தரத்தைக் குறைச்சு வைக்கிற ஜேபெக் சேமிப்புதான் கெடுக்குது. ரெண்டையும் தரம் குறையாத பிஎன்ஜியா சேமிச்சு ஒப்பிடுங்க.

கீழக்கரை_பாய்:
பிஎன்ஜி ஆக்கினாலும் அந்த நெளிவு போகாது தம்பி. 8 மடங்கு சுருக்கும்போது புதுப் பிக்சல் ஒண்ணு பழைய 64 பிக்சல் இடத்தைப் பிடிக்குது. ஓப்பன்சிவியின் கியூபிக் (அங்கே பைகூபிக்கோட பேரு) அதில் நடுவில் உள்ள 16-ஐ மட்டும் பார்க்கும். மீதி 48 கணக்கிலேயே வராது. வலைக்கண்ணின் நூல் அந்த 16-க்குள்ள சில இடத்தில் விழுது, சில இடத்தில் விழல. அதனால வர்ற நெளிகோட்டுக்குப் பேருதான் மொய்ரே. பில்லோ சுருக்கத்துக்கு ஏத்தமாதிரி ஃபில்டரை (எந்தப் பிக்சலுக்கு எவ்வளவு எடைங்கிற கணக்கை) 8 மடங்கு விரிச்சு, 32-க்கு 32 பிக்சலை எடைபோட்டுச் சேர்க்கும்.

சூத்திரமும் ஒண்ணு இல்லை. கியூபிக்கில் a-ன்னு ஒரு எண் உண்டு. பில்லோவில் -0.5, ஓப்பன்சிவியில் -0.75. எண் கீழே போகப் போக ஓரம் கூர்மையாகும், கூடவே ஓரத்தை ஒட்டி விழுற ஒளிவட்டமும் ஏறும்.

மண்டபம்_முனை:
அப்ப ஓப்பன்சிவியில் பிழைன்னு சொல்லுங்க.

கீழக்கரை_பாய்:
பிழை இல்லை. அது பெரிதாக்குறதுக்கான முறை. சுருக்க ‘இன்டர் ஏரியா’ போடணும், 64-ம் சராசரிக்கு வந்துடும். பட்டியலில் பெயரைப் பார்த்து கியூபிக்கைத் தேர்ந்தெடுக்கிறதுதான் தப்பு.

தங்கச்சிமடம்:
ஃபில்டரை மட்டும் பேசி நிறுத்தக்கூடாது. கறுப்பு 0, வெள்ளை 255 ஒண்ணுவிட்டு ஒண்ணா இருந்தா, கோப்பிலுள்ள எண்ணைச் சராசரி பண்ணினா 128. உண்மையான ஒளி அளவில் சராசரி எடுத்து கோப்பில் வழக்கமா எண்ணை வைக்கிற எஸ்ஆர்ஜிபி முறைக்குத் திருப்பினா 188. பில்லோ, ஓப்பன்சிவி ரெண்டுமே முதல் வழியில்தான் போகும். இமேஜ்மேஜிக் கருவியும் நாம லீனியருக்கு (அந்த உண்மையான ஒளி அளவுக்கு) மாத்தித் திருப்பாம விட்டா அப்படித்தான். அதனாலதான் இருட்டுக் கடல்மேல உள்ள வெள்ளை நூல் மங்கிப்போகுது. எப்பவும் லீனியரில் சுருக்குங்க.

கீழக்கரை_பாய்:
‘எப்பவும்’ங்கிறதை ஏத்துக்க முடியாது. வெளிச்சமான வானத்துக்கு முன்னால நிக்கிற மெல்லிய இரும்புச் சட்டம் லீனியரில் வெளுத்து இளைச்சுடும். லான்க்சோஸ்ங்கிற கூர்மையான ஃபில்டரோடு லீனியர் சேர்ந்தா ஓரத்தில் கறுப்பு ஒளிவட்டமும் தடிக்கும். இதே படத்தில் வலைக்கு லீனியர் நல்லது, பாலத்துக்கு இல்லை.

தங்கச்சிமடம்:
ஒளிவட்டம் லான்க்சோஸின் குற்றம், மென்மையான மிட்செல் ஃபில்டர் போட்டா அடங்கும். சட்டம் இளைக்கிறது கண்ணு தூரத்திலிருந்து பார்க்கிற அளவேதான், அதைக் கெடுதல்னு எண்ண வேண்டாம்.

பாம்பன்_பாலம்:
கருவி எந்த வழியில் போகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தங்கச்சிமடம்:
ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளைன்னு சதுரங்கக் கட்டம் வரைஞ்சு பாதியாச் சுருக்குங்க. நடுவில் 128 வந்தா கோப்பு எண், 188 வந்தா லீனியர்.

கீழக்கரை_பாய்:
a எண்ணுக்கு, சாம்பல் பரப்பில் ஒரே ஒரு வெள்ளைப் பிக்சல் வச்சு 8 மடங்கு பெரிதாக்குங்க. சுத்தி விழுற கறுப்பு வளையம் எவ்வளவு ஆழமோ, அந்த அளவு a கீழே இருக்கு. இன்னொண்ணும் பாருங்க: சில கருவி பிக்சலின் நடுவை விட்டு மூலையிலிருந்து எண்ணும். 8 மடங்கில் படம், பெரிய படத்தின் கணக்கில் 3.5 பிக்சல் நகர்ந்துடும். ரெண்டு கருவியின் படத்தையும் ஒண்ணிலிருந்து ஒண்ணு கழிச்சுப் பார்க்கும்போது பாலத்தின் ஓரமெல்லாம் ஒரே பக்கமாக் கோடு தெரிஞ்சா, ஃபில்டரைத் தொடாதீங்க, அந்த நகர்வை முதல்ல சரிபண்ணுங்க.