எம்.வி.எஸ்சி.யில் எந்தத் துறை? ஆசிரியப் பணிதான் குறிக்கோள்

புல்லுக்கட்டு:
கால்நடை மருத்துவம் (பி.வி.எஸ்சி.) இன்டர்ன்ஷிப் முடியப்போகிறது. கல்லூரியில் பாடம் நடத்தும் வேலைக்குத்தான் போக ஆசை. முதுநிலையான எம்.வி.எஸ்சி.க்கு நியூட்ரிஷனா (கால்நடை ஊட்டவியல்), எல்.பி.எம்.மா (கால்நடை உற்பத்தி மேலாண்மை) என்று குழப்பம். பிடிக்காவிட்டால் பிஎச்.டி.யில் மாறிக்கொள்ளலாமா? ஆசிரியப் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு, அதாவது நெட், எப்போது எழுதுவது?

வேப்பேரி வாசல்:
மாறிக்கொள்ளலாம் என்று நினைத்துச் சேராதீர்கள் தம்பி. உதவிப் பேராசிரியர் அறிவிப்பு துறைவாரியாக வரும். அதே துறையில் முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். 2 வருடப் படிப்புக்கு இன்று எடுக்கும் முடிவு ஓய்வு பெறும்வரை கூடவே வரும். தீவனப் பகுப்பாய்வு, ஆய்வகம் பிடித்தால் நியூட்ரிஷன். பண்ணை, கொட்டகை, பராமரிப்பு பிடித்தால் எல்.பி.எம்.

தானுவாஸில் (தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம்) இடம் கிடைக்காவிட்டாலும் ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதுங்கள். இசத்நகர் ஐ.வி.ஆர்.ஐ. (கால்நடை ஆராய்ச்சி நிறுவனம்), கர்னால் என்.டி.ஆர்.ஐ. (பால்வள ஆராய்ச்சி நிறுவனம்) இரண்டிலும் நியூட்ரிஷன் உண்டு.

உங்களுக்கான நெட் ஏ.எஸ்.ஆர்.பி. (வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம்) நடத்துவது, யு.ஜி.சி. நெட் பட்டியலில் இந்தப் பாடம் இல்லை. எம்.வி.எஸ்சி. முடித்த கையோடு எழுதிவிடுங்கள், பாடம் மறக்காது. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், குருட்டாம்போக்கில் குறிக்க வேண்டாம்.

ரூமன்:
நியூட்ரிஷன் எடுத்தால் ஆய்வேட்டில் கவனம். மாட்டுக்கோ ஆட்டுக்கோ தீவனச் சோதனை தொடங்கும் முன்பே விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் வாங்கிவிடுங்கள். சோதனை முடிந்தபின் யாரும் தர மாட்டார்கள். ஒப்புதல் எண் இல்லாத கட்டுரையை நல்ல ஆய்விதழ்கள் திருப்பிவிடும்.

தீவனம் எவ்வளவு செரிக்கிறது என்று ஆய்வகத்தில் பார்க்கும் வாயு உற்பத்திச் சோதனையில் சறுக்குவது பெரும்பாலும் ரூமன் திரவத்தில்தான் (மாட்டின் முதல் இரைப்பையிலிருந்து எடுக்கும் திரவம்). பிளாஸ்கில் முதலில் 39 டிகிரி வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிவிட்டு, அதைக் கொட்டியபின் திரவத்தைக் கழுத்துவரை நிரப்புங்கள். உள்ளே காற்றுக்கு இடமே இருக்கக் கூடாது. நாலு மடிப்பு மஸ்லின் துணியில் வடிகட்டும்போது கார்பன் டை ஆக்சைடு ஓடிக்கொண்டே இருக்கட்டும். சிரிஞ்சுக்கு 200 மில்லிகிராம் மாதிரி, 10 மி.லி. திரவம், 20 மி.லி. பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்). திரவம் ஆறினாலோ ஆக்சிஜன் புகுந்தாலோ நுண்ணுயிர்கள் செயலிழக்கும், 24 மணி நேரத்தில் வாயு குறையும். தீவனம் மட்டமானது என்று எழுதிவிடுவீர்கள்! மாதிரி போடாத வெற்றுச் சிரிஞ்சுகள் 3 வைத்து, அவற்றின் சராசரியைக் கழித்தே கணக்கிடுங்கள்.

வேப்பேரி வாசல்:
ரூமன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரை அனுப்பும் முன் ஆய்விதழுக்குத் தேசிய வேளாண் அறிவியல் அகாடமி தரும் நாஸ் மதிப்பெண்ணைப் பாருங்கள். பணம் வாங்கி வாரத்தில் வெளியிடும் இதழ்களில் போட்டால் நேர்காணலில் அது கணக்கில் வராது. இன்டர்ன்ஷிப் சான்றிதழ் கைக்கு வந்ததும் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்துவிடுங்கள். விண்ணப்பத்தில் அந்த எண்ணைக் கேட்பார்கள்.