புதுப்பிப்பு: டி2 கத்தியே வாங்கிவிட்டேன்

வேட்டைக்கு, மடக்குக் கத்தியாக இல்லாமல் அலகு நிலையாக நிற்கும் கத்தி வேண்டும், எந்த எஃகு, எந்தப் பிடி என்று முன்பு கேட்டிருந்தேன். 1095, டி2, எஸ்30வி என மூன்று எஃகு வகைகளுக்கும் ஆதரவு வந்தது.

1095 தீட்டச் சுலபம். ஆனால் துருவைத் தடுக்கும் அளவுக்குக் குரோமியம் கிடையாது. ரத்த ஈரத்தோடு உறையில் செருகினால் துருப்புள்ளி நிச்சயம். எஸ்30வியில் தேய்மானத்தைத் தாங்க வைக்கும் வனேடியம் என்ற உலோகம் 4 சதவீதம். கூர் நன்றாக நிற்கும், மழுங்கினால் சாதாரணக் கல்லில் தீட்டுவதற்குள் கை ஓய்ந்துவிடும். டி2 இடைப்பட்டது. சுமார் 12 சதவீதம் குரோமியம் இருந்தும் அதில் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினத் துகள்களாகிவிடுவதால் முழுத் துருவேறா எஃகு ஆகாது. துடைத்து, துளி எண்ணெய் தடவினால் போதும்.

அலகு 4 அங்குலம். தோலுரிக்க இதற்கு மேல் நீளம் வீண் பெருமை. எஃகு பிடியின் கடைசிவரை ஓடுகிறது.

பிடிதான் ஆச்சரியம். கித்தான் துணியைப் பிசினில் அழுத்திச் செய்த மைக்கார்ட்டா. மெருகேற்றி வந்ததால் கொழுப்புப் பட்டதும் வழுக்கியது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். துணியின் இழை மேலே வந்தது, இப்போது நனைந்தால்கூடக் கையில் நிற்கிறது. கொம்புப் பிடி வாங்கச் சொன்னவர்களே, அழகு சரி, வெடிப்பு உங்கள் பாடு!

அப்புறம், கூடவே வந்த தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. வீட்டில் கத்தியை வெளியேதான் வைக்கிறேன்.