பீற்றூட் செய்முறை: 30 பாகையிலேயே தண்ணீர் சிவக்கிறது, எங்கே பிழை?

குளக்கட்டு:
மாங்குளம் பக்கத்துப் பாடசாலை. உயர்தர மாணவர்களுக்கு வெப்பநிலை மென்சவ்வை என்ன செய்கிறது என்று காட்ட வேண்டும். நிறமானி (நிறத்தின் கடுமையை அளக்கும் கருவி) இல்லை. 1 செ.மீ. பீற்றூட் கட்டிகளை 10 மி.லீ. குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் போட்டு, 30 முதல் 80 பாகை வரை, ஒவ்வொன்றும் 20 நிமிடம் வைத்தோம். 30 பாகைக் குழாயே ரோசா நிறம். 50ஐ விட 60 வெளிறிப்போய் இருக்கிறது. 80 மண்ணிறம். பிள்ளைகள் "சூட்டில் கலச்சுவர் உடைகிறது" என்று எழுதுகிறார்கள். எதை மாற்றலாம்?

பாலைப்பழம்:
30 பாகையில் வரும் சிவப்பு கத்தியால் வந்தது. வெட்டு முகத்தில் அறுபட்ட கலங்கள் எல்லாம் சாயத்தைக் கொட்டிவிடும். மொட்டைக் கத்தி இன்னும் மோசம், அது பக்கத்துக் கலங்களையும் நசிக்கும். புது பிளேட் எடுங்கள். வெட்டியதும் ஓடும் தண்ணீரில் 10 நிமிடம் கழுவுங்கள். குழாய் இல்லையென்றால் வாளித் தண்ணீரை ஐந்தாறு தரம் மாற்றலாம். ஒரு துண்டை எடுத்து வெள்ளைத் தாளில் ஒற்றிப் பாருங்கள். ஈரம் மட்டும் ஊற வேண்டும். ரோசாக் கறை விழுந்தால் இன்னும் கழுவ வேண்டும். ஒற்றினால் போதும், அமத்தக் கூடாது.

கட்டி வேண்டாம். 1 செ.மீ. அகலக் கீலமாக வெட்டி, அதிலிருந்து 2 மி.மீ. தடிப்பில் சீவுங்கள். 1 செ.மீ. கட்டியின் நடுவுக்குச் சூடு போய்ச்சேர நிமிடக்கணக்காகும், மெல்லிய சீவலுக்குச் சில வினாடிகள் போதும். பீற்றூட்டைக் குறுக்கே வெட்டினால் கடும் சிவப்பும் வெளிறலுமாக வளையங்கள் தெரியும் அல்லவா? 60 பாகைக் குழாய்க்கு வெளிறல் வளையத் துண்டு விழுந்திருந்தால் நீங்கள் சொல்லும் குழப்பம் வரத்தான் செய்யும். எல்லாச் சீவலையும் கலந்துவிட்டு, குழாய்க்கு ஐந்தாக எண்ணிப் போடுங்கள்.

20 நிமிடமும் சூட்டில் வைக்கத் தேவையில்லை. பெரிய பானையில் மூன்று நாலு லீற்றர் தண்ணீரை 70 பாகைக்குக் கொண்டுவாருங்கள். வெப்பமானி பானையின் அடியில் முட்டக் கூடாது. ஐந்து சீவலைத் தேத்தண்ணி வடியில் போட்டுச் சரியாக 1 நிமிடம் அமிழ்த்தி எடுத்து, அறைவெப்பநிலையிலுள்ள 5 மி.லீ. தண்ணீர்க் குழாய்க்கு மாற்றி 20 நிமிடம் விடுங்கள். பானை ஆற ஆற 60, 50, 40 என்று இறங்கி வாருங்கள். ஒரே பானை, ஒரே அடுப்பு. மத்தியானத்தில் மேல்தாங்கித் தண்ணீரே சுடும். அதை அறைவெப்பநிலை என்று எடுத்துவிடாதீர்கள்.

80 பாகையை விட்டுவிடலாம். நீண்ட சூட்டில் பீற்றூட்டின் சிவப்புச் சாயமான "பீற்றானின்" சிதைந்து மண்ணிறமாகும். அந்தக் குழாயில் நீங்கள் கண்டது சாயத்தின் அழிவு, மென்சவ்வைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

முறிகண்டி_உயிரியல்:
விளக்கத்தைப் பற்றி. கலச்சுவர் சாயத்தை மறிப்பதே இல்லை, அது முற்றாக ஊடுபுகவிடும். சாயம் இருப்பது கலத்துக்குள் இருக்கும் திரவப் பையான புன்வெற்றிடத்தில். அது வெளியே வர இரண்டு மென்சவ்வுகளைத் தாண்ட வேண்டும்: புன்வெற்றிடத்தைச் சூழ்ந்தது ஒன்று, கலச்சுவருக்கு உட்புறமாகக் கலத்தைச் சூழ்ந்த முதலுருமென்சவ்வு மற்றது. இந்த "இரண்டு" விடையில் கட்டாயம் வர வேண்டும், அநேகமாக விடுபடுவதும் இதுதான்.

பீற்றானின் மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ 550. வெல்லம் ஒட்டிய, ஏற்றம் கொண்ட மூலக்கூறு. நீரில் நன்றாகக் கரையும், ஆனால் மென்சவ்வை ஆக்கும் கொழுப்பு மூலக்கூறான பொஸ்போலிப்பிட்டின் நீர்வெறுப்புள்ள வால்கள் நெருங்கிக் கிடக்கும் நடுப்பகுதிக்குள் நுழையாது. மென்சவ்வின் மொத்தத் தடிப்பே 7 - 8 நனோமீற்றர்தான். அந்த மெல்லிய எண்ணெய்ப் படை சாயத்தைப் பூட்டி வைத்திருக்கிறது. பொஸ்போலிப்பிட்டுகள் ஒன்றோடொன்று பங்கீட்டு வலுப் பிணைப்பால் கட்டப்பட்டவை அல்ல, பக்கவாட்டில் வழுகிக்கொண்டே இருப்பவை. 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த பாய்மச் சித்திரவடிவ மாதிரியில் "பாய்ம" என்ற சொல் இதைத்தான் குறிக்கிறது. சூடு ஏற ஏற வால்கள் கூடுதலாக அசைந்து அடுக்கு தளரும். 50க்கு மேல் மென்சவ்வுப் புரதங்களும் இயல்பிழந்து வடிவம் மாறும், அவை பதிந்திருந்த இடத்தில் ஒழுக்கு உண்டாகும். ஆகவே வெப்பநிலைக்கு எதிராக நிறத்தை வரைந்தால், நேர்கோடாக ஏறாமல் 50 - 60க்கிடையில் வரைபு சடாரென்று நிமிரும்.

"கொலஸ்திரோல் உருகும்" என்று எழுதினால் வெட்டிவிடுங்கள். தாவர மென்சவ்வில் கொலஸ்திரோலின் இடத்தில் இருப்பவை பெரும்பாலும் தாவர ஸ்ரெரோல்கள். "அந்தோசயனின்" என்பதும் பிழை. அது ரியோ என்ற செடியின் இலையில் உள்ள சாயம், பீற்றூட்டில் இருப்பது பீற்றாசயனின் (பீற்றானின் அந்த வகையைச் சேர்ந்தது).

பாலைப்பழம்:
தண்ணீரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். நம் பகுதிக் குழாய்க்கிணறுகள் பலவற்றில் கல்சியம் கூட. கல்சியம் அயன் பொஸ்போலிப்பிட்டுகளின் பொஸ்பேற்றுத் தலைகளைப் பிணைத்து மென்சவ்வை இறுக்கும், ஒழுக்கைக் குறைத்துக் காட்டும். கழுவுவதற்கு அந்தத் தண்ணீர் பரவாயில்லை, சோதனைக்குழாய்க்குள் மட்டும் காய்ச்சி வடித்த நீர் விடுங்கள். எரிபொருள் நிலையத்தில் பற்றரிக்கு விற்கும் தண்ணீரை வாங்கலாம், ஆனால் போத்தலை வாசித்து வாங்குங்கள்: அமிலம் கலந்ததும் பக்கத்திலேயே இருக்கும்.

நிறமானிக்குப் பதில்: ஒரு துண்டு பீற்றூட்டை அரைத்து வடித்து, 70 பாகைக் குழாயின் நிறத்துக்கு ஐதாக்குங்கள். அது 10. அதில் 8 மி.லீ.யோடு 2 மி.லீ. தண்ணீர் சேர்த்தால் 8. இப்படியே 6, 4, 2, 0. ஒரே அளவான குழாய்களில், பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, யன்னல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். எந்தக் குழாய் எந்த வெப்பநிலை என்று தெரியாத பிள்ளையே நிறத்தைச் சொல்லட்டும்.

குளக்கட்டு:
நன்றி. உறைபெட்டியில் வைத்த துண்டையும் சேர்க்கலாமா?

முறிகண்டி_உயிரியல்:
சேருங்கள், தனிக் குழாயாக. உறைந்ததை அறைவெப்பநிலையில் உருகவிட்டாலே தண்ணீர் கடும் சிவப்பாகும், பனிக்கட்டிப் பளிங்குகள் மென்சவ்வைக் கிழித்துவிடுவதால். வரைபின் கோட்டோடு மட்டும் அதை இணைக்க வேண்டாம். சூட்டில் நடப்பது வேறு, இது வேறு.